கனகம்மா மிஸ்ஸி ஏற்ற பழி

மலாக்காவின் தெங்கேரா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். “ஐஸ் மிஸ்ஸி போயிட்டாங்களாம், தெரியுமா?” என்றார் பக்கத்தில் நின்றவர். காஜா பெராங்கில் குடியிருந்த நர்ஸ் கனகம்மா மிஸ்ஸியைத்தான் சொன்னார். ஏழு ஆண்டுகளாக ஊர் அவரை அப்படித்தான் அழைத்தது. மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பெயர் வந்த கதை தெரியும். ஆனால் பாதிதான் தெரியும்.

மலாயா சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாதம். கிளேபாங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் சாமிக்கண்ணு மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தார். டாக்டர் மண்டையைத் துளைத்து உறைந்த இரத்தத்தை எடுத்தார். உடலைக் குளிரவைத்தால் மூளை பிழைக்கக்கூடும் என்று எங்கோ படித்திருந்தார். மூன்று நாள் ஐஸ் வைக்கச் சொன்னார். எங்கள் வார்டில் யாரும் செய்திராத வேலை. மிஸ்ஸி ஏற்றுக்கொண்டார். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பைகள், தலைமாட்டில் மின்விசிறி. நோயாளிக்கு நடுக்கம் கண்டால் ஊசி போடுவார். பைகளை மாற்றி மாற்றி அவர் விரல்கள் வெடித்துவிட்டன.

சாமிக்கண்ணுவின் மனைவி பாக்கியம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் செட்டி குடும்பத்தவரான மிஸ்ஸிக்கு மலாய்தான் பேச்சு. வார்டு உதவியாளனான நான்தான் தமிழில் சொன்னேன்: “சேதமான மூளைக்கு இப்ப ரத்தம் பத்தாதாம். குளிர்ந்திருந்தா கொஞ்சத்தை வச்சுத் தாங்குமாம்.” மிஸ்ஸி அவர் தோளைத் தொட்டு, “சாபார், அக்கா. பொறுங்க,” என்றார்.

இரண்டாம் நாள் மதியம் மிஸ்ஸி சாப்பிடப் போனார். முந்தைய நாளிலிருந்து அவர் உட்காரவே இல்லை. பாக்கியம் என் காலைப் பிடித்தார். “தம்பி, அவரு உதடு நீலமா இருக்கு. குளிர்லயே செத்துருவாரு. கொஞ்ச நேரம் எடுத்துடுங்க.”

எடுத்தேன். கம்பளி போர்த்தினேன். மிஸ்ஸி திரும்பி வந்தபோது நோயாளியின் உடல் கொதித்தது. ஒரு கண்ணின் பாவை விரிந்து நின்றது. மாலைக்குள் சாமிக்கண்ணு இறந்தார்.

“யார் எடுத்தது?” என்றார் டாக்டர். நான் வாயைத் திறக்குமுன் மிஸ்ஸி சொன்னார்: “வார்டு என் பொறுப்பு, டாக்டர். நான் இங்கே இல்லாததுதான் தவறு.”

அவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் அந்த முறையை மறுபடி தொடவில்லை. “ஐஸ் வச்சே கொன்னுட்டா!” என்று பாக்கியம் மருத்துவமனை வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்.

நான் மிஸ்ஸியிடம் போய், பாக்கியம் கெஞ்சியதைச் சொன்னேன். “நான் எடுத்ததாலதான் செத்தாரா?”

“தெரியாது. ஐஸ் இருந்தாலும் போயிருக்கலாம். தெரிஞ்ச மாதிரி நீயும் பேசாதே.”

“ஐஸை எடுத்தப்புறம்தான் மோசமாச்சுன்னு அந்த அம்மாகிட்டயாவது சொல்லிடறேன்.”

“வேண்டாம். எடுக்கச் சொன்னது அவர்தானே? என்னைத் திட்டட்டும். தன்னைத் தானே திட்டிக்க ஆரம்பிச்சா நிறுத்த முடியாது.”

பாக்கியம் சென்ற ஆண்டு காலமானார். மறைக்க வேண்டிய காரணம் அன்றோடு தீர்ந்தது. மிஸ்ஸி அதன்பின் ஓராண்டு உயிரோடிருந்தார். சந்தையில் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே நடந்தார். அந்த ஓராண்டில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது, கேட்காமலே அவர் தந்த பாதுகாப்பு. ஐஸை எடுத்தது நான்தான் என்று அவர் காது கேட்க ஊரிடம் சொல்லி, அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.