அண்ணிக்குப் பிடித்த ரெக்கோட்

போன வாரம் மின்விசிறி சுற்றவில்லை என்று அலுவிகாரையில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கோளாறு விசிறியில் இல்லையாம், எங்கள் வீட்டு பிளக்கில்தானாம். நான் எப்போதும் இப்படித்தான். கடைக்காரர் சிரித்துக்கொண்டிருக்கையில், மேசையில் கழற்றிக் கிடந்த ஏதோ மெசினிலிருந்து பழைய கிரீஸ் வாசம் வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

யட்டவத்தப் பக்கத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில், அண்ணனும் நானும் அடுத்தடுத்த காம்பிராவில் இருந்தோம். அவருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. பாட்டென்றால் உயிர். ஆனால் நரம்பு வியாதியில் கை நடுங்கும். ரெக்கோட் தட்டில் முள்ளை வைக்கப்போனால் கீறிவிடும்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அண்ணி, லீவில் வரும்போது ஓட்டோமெட்டிக் பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"கை நடுங்குனா என்னங்க? பட்டனத் தட்டுங்க, மத்தத அது பாத்துக்கும்."

உண்மைதான். தட்டு சுழலும், விளிம்புப் புள்ளிகள் சிவப்பு வெளிச்சத்தில் அசையாமல் தெரிந்தால் வேகம் சரி. முள் பொருத்திய கை தானே எழும்பி, ரெக்கோட்டின் ஓரத்தில் மெல்ல இறங்கும். பாட்டு முடிந்ததும் திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்ளும். அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார்.

திரும்பிப் போன அண்ணி, இரண்டாம் வருஷம் சவப்பெட்டியில் வந்தார். மாரடைப்பு என்று ஒரு கடுதாசி, அவ்வளவுதான். பிறகு பின்னேரமானால் அண்ணன் போடுவது ஒரே ரெக்கோட், அண்ணிக்குப் பிடித்தது.

சில வருஷத்தில் பிளேயருக்குள் கிரீஸ் இறுகி, அந்த முள் கை பாதிப் பாட்டிலேயே எழும்பித் திரும்பியது. மாத்தளை டவுனில் ரேடியோ திருத்தும் பாஸ் ஒருவர் திறந்து பார்த்தார். "உள்ள சக்கரத்துப் பல்லும் ஒடஞ்சிருக்கு. சாமான் வராது. இனிக் கையாலதான் வைக்கணும்."

முள் வைப்பது என் வேலையானது. "தங்கச்சி, வச்சிட்டுப் போம்மா." கொழுந்தெடுத்துக் களைத்து வந்த ஒருநாள் வெடித்துவிட்டேன்: "தெனமும் அதே பாட்டு! எனக்கு வேற வேல இல்லையாண்ணே?"

அவர் பிளேயரின் மூடியைச் சாத்தினார்.

மறுநாள் வாசலுக்கு வரும்போதே கரகரவென்று இழுபடும் சத்தம். தானே வைத்துப் பார்த்திருக்கிறார். ரெக்கோட்டின் குறுக்கே நீளமாக ஒரு கீறல். "பரவால்லம்மா," என்றார், என்னைப் பார்க்காமல். அதன்பின் என்னைக் கூப்பிடவேயில்லை. நானாகப் போய்க் கேட்டாலும், "வேணாம்மா, ஒனக்கு வேல கெடக்கும்" என்பார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். பிளேயரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அந்த லயமும் இப்போது இல்லை.

அது என்ன பாட்டு என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஒரு சொல்கூட வரவில்லை. அத்தனை தடவை முள் வைத்தவள், ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. சொல்லித்தர இனி யாருமில்லை.