குளுவாங் ஸ்டேஷனில் குட்டையும் நெட்டையும்

குளுவாங் ஸ்டேஷனில் மரவள்ளிக்கிழங்கு அடை விற்றுக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தந்தி அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஜப்பான்காரர் ஒருவர் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தார். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம். இதைப் படித்துவிடலாமே என்று தோன்றியது.

சண்டைக்கு முன்னால் நானே கம்பி சுற்றி ஒரு ரேடியோ செய்திருந்தேன். ஜப்பான்காரர்கள் வந்த வாரமே அக்கா அதைக் கிணற்றில் போட்டுவிட்டாள். மிஞ்சியது என் சாரணர் புத்தகம். அதில் ஒரு பக்கம் முழுக்க மோர்ஸ் தந்திக்குறி அட்டவணை.

பழகக் கருவி கிடையாது. ஆணியால் ஓட்டை போட்ட, கிழங்கு துருவும் தகரம் இருந்தது. நீளமாக இழுத்தால் நெட்டை, சட்டென்று நிறுத்தினால் குட்டை. நான் துருவுவேன், அக்கா கேட்டு எழுத்தைச் சொல்வாள்.

"மாவு ஏன் பாதி நைசா, பாதி கட்டியா இருக்கு?" என்றார் அம்மா.

"தகரம் சரியில்லம்மா" என்றாள் அக்கா.

ஒரு மாதம் துருவிவிட்டு ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். காதில் விழுந்த எதுவும் வார்த்தையாகவில்லை.

"உனக்கு வரலடா. புத்தகத்த அடுப்புல போடுறேன், இந்தப் பைத்தியத்த இதோட விட்டுடு. வீட்ட சோதன போட வந்தாங்கன்னா என்ன சொல்லுவ?" என்றாள் அக்கா.

"அலமாக், கொஞ்சம் பொறுக்கா!"

"இந்த வாரத்துக்குள்ள ஒரே ஒரு வார்த்த படிச்சுக் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

மறுபடி போய்க் கவனித்தேன். ஒவ்வொரு செய்தியும் அதே நான்கு குறிகளில்தான் தொடங்கியது. முதல் குறி என் புத்தகத்தில் 'வி'. மற்ற மூன்றும் புத்தகத்திலேயே இல்லை. வேறு வழியின்றி அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஊர்ப் பலகை. இங்கிலீஷை அழித்துவிட்டுக் குளுவாங்கை ஜப்பான் எழுத்தில் எழுதியிருந்தார்கள்: கு, ரு, அ, ன். நான்கு எழுத்து. தினமும் காலையில் ஜப்பான் வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தும் எழுத்துகள். ஜப்பான்காரர் ஜப்பான் மொழியில்தான் தட்டுவார் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ ஒரு மாசமா நாம துருவினது இங்கிலீஷா?"

"ஆமாக்கா."

"அந்தப் புத்தகம் இனி எதுக்குமே ஆகாது?"

பொய் சொல்ல முடியவில்லை. சாரணர் புத்தகத்தில் இரண்டு அடை வெந்தது.

அடையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்: "நாலு குறி, நாலு எழுத்து. சும்மா அப்படி அமைஞ்சிருந்தா? இத எப்படி வார்த்தனு ஒத்துக்கிறது லா?"

நியாயமான கேள்வி. தெற்கே அடுத்த பெரிய ஸ்டேஷன் ரெங்கம். அதை அவர்கள் எழுத்தில் எழுதினால் இரண்டாவது எழுத்து 'ன்'. குளுவாங்கின் கடைசி எழுத்தும் அதுதான். நாளைக்குத் தெற்கு வண்டி கிளம்பியதும் அவர் ரெங்கத்தைக் கூப்பிட்டாக வேண்டும். குளுவாங்கின் பெயர் முடிந்ததும் வரும் இரண்டாவது குறி, அந்தக் கடைசிக் குறி போலவே குட்டை, நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை என்று வந்தால் எனக்குத் தந்தி உண்டு. வராவிட்டால் அடை வியாபாரம் மட்டும்தான்.

அக்கா கூடையில் அடைகளை அடுக்கினாள்.

"ஜன்னலுக்குப் பக்கத்துல உக்காரு. வித்துத் தீர்த்துடாத, தீந்தா எழுப்பி விட்டுடுவாங்க."