கருவாட்டு பஸ்ஸும் கூறைச்சீலையும்

மன்னார்த் தீவின் மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில் பிறந்த ஒருவனுக்குக் கருவாட்டு மணம் ஆகாது என்றால் ஊரே சிரிக்கும். செபமாலை என்கிறவனுக்கு ஆகாது. சின்ன வயதில் தகப்பனின் மீன்வாடியில் திருக்கையைக் கீறி, உப்பு அடைத்து, வெயிலில் பரப்பியவன். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் மணம் நகத்துக்குள் கிடந்தது. அந்த அருவருப்பு பிறகு போகவேயில்லை. மீன் தின்பான். காய்ந்த மீனைக் கண்டால் முகத்தைத் திருப்புவான். கலியாணம் கட்டின கையோடு மனைவி கிறேஸிடம் சொல்லிவிட்டான்:

"என்ர படலைக்குள்ள கருவாடு வரக்கூடாது. விளங்கிச்சோ?"

சண்டைக்காலத்தில் வவுனியா முகாமில் கிடந்தபோது, ஒரு புடவைக் கடையில் கூட்டித் துடைக்கப் போனான். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கலியாணக் கூறைச்சீலை விற்கிற பக்கத்துக்கு வந்துவிட்டான். அது கடையின் உட்பக்கம். வெள்ளை விரிப்பு, பொம்பிளை வீட்டார் இருக்கக் கதிரை, பெரிய கண்ணாடி. செபமாலை ஒரு கூறையை உதறி முன்னங்கையில் விழுத்தினான் என்றால், விலை பேச வந்த தாய்க்காரி விலையை மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவன் உயிரோடு இருந்தான் என்று சொல்லலாம்.

சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பியது. பெண்சாதி பிள்ளைகளோடு அவனும் திரும்பினான். வேலை மட்டும் வவுனியாவில் நின்றுவிட்டது. விடியப்புறம் எழும்பிச் சைக்கிளில் மன்னார் பஸ் நிலையம். அங்கிருந்து தனியார் பஸ்ஸில் முருங்கன், மடுச்சந்தி, செட்டிகுளம் என்று எலும்பு கழலக் குலுங்கி வவுனியா. பின்னேரம் அதே குலுக்கல் திரும்பவும். மனுசன் வீட்டுக்கு வருவது நித்திரை கொள்ள மட்டும்தான். கடைக்குட்டி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தகப்பனைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

முருங்கன் தாண்டினால் அவனுடைய தலைக்குள் கணக்கு ஓடத் தொடங்கும். பஸ்ஸுக்கு இவ்வளவு, தேத்தண்ணிக்கு இவ்வளவு, மத்தியானச் சாப்பாட்டுக்கு இவ்வளவு. எந்தப் பக்கத்தால் கூட்டினாலும் சம்பளத்தில் அரைவாசி ரோட்டில் கொட்டுப்பட்டது. வேலையை விடப்போகிறேன் என்று சொன்னால் கிறேஸ் சீறுவாள்.

"விசரோ உங்களுக்கு? விட்டுட்டு இஞ்ச நிண்டு என்ன செய்யப்போறியள்? கடலுக்குப் போவியளோ?"

வீடும் ஒரு பக்கத்தால் எழும்பிக்கொண்டிருந்தது. கூரை போட்டாயிற்று, கதவும் வந்தது. காசு ஏது என்று கேட்டால், "சீட்டு எடுத்தனான்" என்பாள். அவனும் நம்பினான்.

மாரி தொடங்கத்தான் சனியன் பிடித்தது. பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட் எப்போதும் செபமாலைக்கு. கொண்டக்டர் வஸீர் யாரையும் அதில் இருக்க விடமாட்டான். "அண்ணை, உங்கட இடம்" என்று கூப்பிட்டு இருத்துவான். அந்தச் சீட்டுக்குக் கீழே ஒரு கருவாட்டுச் சாக்கு எப்போதும் கிடக்கும். வெயில் காலத்தில் ஒருமாதிரிப் பொறுத்துக்கொண்டான். மாரியில் அரைகுறையாகக் காய்ந்த திருக்கை, வழிநெடுக ஊறி மஞ்சள் தண்ணி விட்டது. காற்சட்டை விளிம்பில் அது பட்டால் பின்னேரம் வரைக்கும் நாறும்.

கடைப் பெடியள் பகிடி பண்ணத் தொடங்கினார்கள்.

"அண்ணை, இண்டைக்குக் கூறைக்குத் திருக்கைக் கரையோ?"

முதலாளி பகிடி விடவில்லை. ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டார்.

"செபமாலை, உம்மட கைத்திறமையில எனக்குக் குறையில்லை. ஆனா நேற்று வந்த பொம்பிளையின்ர தாய் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போட்டுது. திங்கட்கிழமையும் இந்த மணத்தோட வந்தீரெண்டால், வாசல் பக்கம் போய் நிண்டு சாரமும் துவாயும் வில்லும்."

வாசல் பக்கம் என்றால் ரோட்டுப் புழுதி, போகிறவன் வருகிறவன் எல்லாம் துவாயைப் பிசைந்து பார்த்துவிட்டுப் போகிற இடம். செபமாலைக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் பஸ் தள்ளாடிச் சந்தியைத் தாண்டியதும் எழும்பினான். சாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிதிபலகை வரைக்கும் வந்துவிட்டான்.

"வஸீர்! இது சனம் ஏத்துற பஸ்ஸோ, கருவாட்டு லொறியோ? இதை இப்ப தள்ளி விழுத்துறன் பார்!"

"அண்ணை, விடுங்கோ. சும்மா இருங்கோ."

"எந்த நாயின்ர சாக்கடா இது?"

வஸீர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"நாயெண்டு சொல்லாதேங்கோ அண்ணை. அது கிறேஸ் அக்காட சாக்கு."

பஸ்ஸில் இருந்த சனம் முழுக்கத் திரும்பியது.

"அருளப்பு விடிய மோட்டச்சைக்கிளில கொண்டந்து உங்கட சீட்டுக்குக் கீழ வைச்சிட்டுப் போறவர். வவுனியாவில யாவாரி வந்து எடுப்பார். நாளாந்தம் வாற ஆளின்ர மூட்டைக்கு நாங்கள் கூலி வேண்டிறேல்லை. அதால ஒரு வருசமாச் சும்மா ஏத்துறன். மெய்யா உங்களுக்குத் தெரியாதோ?"

அருளப்பு கிறேஸின் தம்பி. முன்சீட்டில் இருந்த ஒரு கிழவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "தம்பி, பெண்டிலின்ர சாக்கைத் தள்ளினால் இரவைக்குச் சோறில்லை."

பஸ் குலுங்கிச் சிரித்தது.

செபமாலைக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. வேலையை விடவிடாத சீறல், வந்த கூரை, வந்த கதவு, வஸீர் பிடித்துவைத்த சீட். இவ்வளவு நாளும் வவுனியாவுக்குப் போய்வந்தது சாக்குத்தான். கூலியை மிச்சம்பிடிக்க இவனைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாக்கைத் திரும்ப உள்ளே இழுத்துவிட்டான். கையை மணந்து பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்தாமலே கேட்டான். கிறேஸ் ஒளிக்கவில்லை.

"ஓம், என்ர சாக்குத்தான். தம்பியின்ர வாடியில காயப்போடுறன். உங்கட படலைக்குள்ள ஒரு நாளாவது கொண்டந்தனானோ?"

"அந்த நாத்தத்தால என்னைக் கூறைப் பக்கத்தில இருந்து கலைக்கப்போறாங்களடி!"

கிறேஸுக்கு அது தெரியாது. பிறகு மெல்லச் சொன்னாள்:

"அப்ப கடைய விடுங்கோ."

"இப்ப விடச் சொல்லுறாய்!"

"கடையைத்தான் சொன்னனான். பஸ்ஸை விடாதேங்கோ. போய் இறங்கி, பஸ் நிலையத்தில ஒரு பேப்பரைப் பார்த்துக்கொண்டு இருந்திட்டு, மத்தியான பஸ்ஸில வாங்கோ. சாக்குக் கூலி உங்கட பஸ் காசைவிடக் கூட, அதிலயும் எங்களுக்கு நட்டமில்லை."

பகிடிக்குச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். கணக்கும் சரி. அதுதான் செபமாலைக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தான்.

"சாக்கு பிந்தின பஸ்ஸில தனியப் போகட்டும். கூலிய நான் தாறன்."

"உங்கட சம்பளத்திலயோ? பிறகு என்ன மிஞ்சும்?"

"ஒண்டும் மிஞ்சாது."

"அப்ப என்ன மசிருக்கு அவ்வளவு தூரம் போறியள்?"

"கூறை விரிக்க."

கிறேஸ் சிரித்த சிரிப்பில் கதிரையில் இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வஸீர் சீட் பிடித்து வைக்கவில்லை. சாக்கில்லாத செபமாலை அவனுக்கு மற்றச் சனம் மாதிரித்தான். முருங்கன் வரைக்கும் நின்றுகொண்டு போனான். கடை வாசலில் முதலாளி தோளுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார், ஆட்டை வாங்குகிறவன் பார்ப்பதுபோல. பிறகு நாடியால் உள்ளே காட்டினார். செபமாலை உள்ளே போய் வெள்ளை விரிப்பில் நின்றான்.

மாதக் கடைசியில் கூலிக் காசு வாங்க அருளப்பு வந்தான்.

"அத்தான், இந்தத் தீவுக்குள்ள காசு குடுத்து வேலைக்குப் போற ஆள் நீங்கள் ஒருத்தர்தான்."

செபமாலை காசைச் சைக்கிள் கரியரில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"எடுத்துக்கொண்டு போ. கையைக் கிட்டக் கொண்டராத. நாளைக்கு எனக்கு ரெண்டு கலியாண வீட்டுச் சனம் வருது."