சக்கரத்தடியில் ஒரு புளியங்கொட்டை

பிள்ளைகளா, நேற்று பரண் மேலிருந்து அந்தப் பலகையை இறக்கியதற்காக உங்களை நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. தகரத்தில் தண்டவாளமும் மரத்தில் பெட்டிகளும் வைத்த ரயில் ஒன்று வீட்டிலேயே கிடந்தால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? தரையில் வைத்தீர்கள். சின்னவன் ஒரு பெட்டியின் சக்கரத்தடியில் இருந்த புளியங்கொட்டையைப் பிடுங்கினான். பெட்டி தானாக ஓடியது. அத்தை அடுப்பை எரிய விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றாள். ஏன் என்று கேட்டீர்கள். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை, எழுதித் தருகிறேன். அத்தையைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அத்தையைக் கட்டியவர், நீங்கள் படத்தில் மட்டும் பார்த்திருக்கிற மாமா, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தார். சரக்குப் பெட்டிகளைச் சங்கிலியால் மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, கொக்கியைத் தூக்கிப் போட்டு, மறுபடி குனிந்து வெளியே வர வேண்டும். அப்போது அக்கா, அதாவது உங்கள் அத்தை, மாமா, நான் எல்லோரும் ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திருவொற்றியூரில் ஒரு டப்பா கம்பெனியில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பட்டப்பகலில் மாமா இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிச் செத்தார். அதை இதற்கு மேல் எழுத மாட்டேன். முகத்தை யாருக்கும் காட்டாமலே அடக்கம் செய்தோம்.

அத்தோடு போயிருந்தால் அக்கா அழுது தீர்த்திருப்பாள். அதற்கு முந்தின வாரம் தெருக் குழாயடியில் இரண்டு பேருக்கும் சண்டை. எதற்கென்று அவளுக்கே இப்போது ஞாபகமில்லை. மாமா கோபத்தில், "நான் பூட்டா தாமே உனுக்கு நிம்மதி. போறேன், இரு!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வேலைக்குப் போனார். அன்று சாயங்காலமே பொட்டலத்தில் மல்லாட்டைக் கடலை வாங்கி வந்து அவளுக்கு உரித்துக் கொடுத்தார். சண்டையைப் பார்த்த தெரு இதைப் பார்க்கவில்லை.

விசாரணை நடந்தது. எஞ்சின் ஊதிவிட்டுத்தான் பெட்டிகளைத் தள்ளியது, ஆள் விலகாமல் நின்றுவிட்டார் என்று முடித்தார்கள். பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. யார்டில் எஞ்சின் ஊதுவது ஓயாது, ஏதோ ஒன்று ஊதித்தான் இருக்கும். ஆனால் அந்தச் சேதி குழாயடிக்கு வந்தபோது வேறு உருவம் எடுத்தது.

"ஊதிகினு வர்ற எஞ்சினு காதுல வுழாதாமே?" என்றாள் ஒருத்தி, அக்கா குடத்தோடு வரிசையில் நிற்கும்போதே. "சொல்ட்டு தான போச்சு அந்த ஆளு. சொன்ன மாரியே செஞ்சிகிச்சு."

நம் கத்தோலிக்க வேதத்தில் தன் உயிரைத் தானே எடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்கு ஞானோபதேசத்தில் சொல்லியிருப்பார்கள். சாமியார் அடக்கத்தின்போது ஒன்றும் கேட்கவில்லை, கல்லறையில் நல்ல இடம்தான் கொடுத்தார். கேட்டுக்கொண்டது அக்காதான், தன்னையே. செத்தவர்களுக்காகச் சாமியார் வைக்கும் பூசைக்கு மாமா பேரைச் சொல்ல மறுத்தாள். பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போவதையும் நிறுத்தினாள். "தெரிஞ்சே நின்னாராடா, தெரியாம நின்னாராடா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு," என்பாள். "அவுரு நின்ன எடத்த ஒருவாட்டி பாத்துட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

யார்டு வாசலுக்குக் கூட்டிப் போனேன். பெண்களை உள்ளே விடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிகளின் முதுகுதான் தெரிந்தது. வரும் வழியெல்லாம் அவள் நின்று நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "நான் செஞ்சு காட்டுறேன்கா," என்று சொல்லிவிட்டேன்.

மாமாவோடு ஒரே ஜோடியாக வேலை பார்த்த தோஸ்து ஒருவர் இருந்தார். வியாசர்பாடிக்காரர், நம் வேதம் இல்லை. மாமா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் உட்காருவார், அக்கா போடும் சோற்றைச் சாப்பிடுவார், போவார். அவரைத்தான் கேட்டேன். அடுப்புக்கரியால் தரையில் யார்டை வரைந்து காட்டினார். எந்தப் பாதை எங்கே பிரிகிறது, தண்ணீர்க் குழாய் எது, வேப்பமரம் எது, மாமா எந்தப் பாதையில் நின்றார், அவருக்கு மேல் பக்கம் எத்தனை பெட்டி, கீழ்ப் பக்கம் எத்தனை பெட்டி என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்த நேரத்தில் அவர் அந்த யார்டுக் குழாயில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாராம். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பழைய கதவுப் பலகை ஒன்று கிடைத்தது. அதில் ரம்பத்தால் கோடு இழுத்து, கம்பெனியில் கழித்துப் போட்ட தகர ஓரங்களை நிற்க வைத்துச் செருகினேன். அதுதான் தண்டவாளம். சக்கரத்துக்கு, டப்பா மூடியில் ஓட்டை போடும்போது கீழே விழும் வட்டத் தகரம். அச்சுக்குச் சைக்கிள் கம்பி. பெட்டிகளைப் பூவரசங்கட்டையில் செதுக்கினேன். சங்கிலிக்கு அக்கா தன் ரவிக்கை ஊக்குகளைப் பிரித்துக் கொடுத்தாள். சக்கரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். பாதைக்குக் கீழே கடற்கரை மணலைப் பசை போட்டு ஒட்டினேன்.

வியாசர்பாடிக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது, வேகனா, சோப்பு டப்பாவா?" என்றார். அந்த வீட்டில் பல நாள் கழித்து அக்கா அன்று கொஞ்சம் சிரித்தாள்.

பலகையை மேசை மேல் வைத்து, ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைப் பெட்டிகளையும் நிறுத்தி, நடுவில் மாமாவுக்காக ஒரு சாக்பீஸ் துண்டை நிற்க வைத்தேன். அக்கா குனிந்து, கண்ணை அந்தச் சாக்பீஸின் உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள்.

"இப்ப எப்டி வரும்?" என்றாள்.

பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. நான் விரலால் தள்ளினேன். சாக்பீஸ் விழுந்தது.

"நீ தள்ற. அங்க யாரு தள்றது?"

"எஞ்சின்தான்கா."

"எஞ்சினு தள்ளிச்சின்னா ஊதியிருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று செய்தது இப்படி ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தாள். தள்ளாமல் பெட்டி நகரவில்லை. எஞ்சின் தள்ளியது என்றால் மாமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் நின்றார் என்றால் குழாயடியில் சொன்னதுதான் நிஜம். என் கையால் செய்த ரயிலே மாமாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. உடைத்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு மேசைக்கு நேர் மேலே ஓடு ஒழுகியது. பலகை நனையக் கூடாதென்று தூக்கிக் கூடத்துத் தரையில் வைத்தேன். வியாசர்பாடிக்காரர் சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டிகளையும் சாக்பீஸையும் பழையபடி வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

மேல் வரிசைப் பெட்டிகள் கிளம்பின. ஒரு சத்தமும் இல்லை. மெதுவாகத்தான் வந்தன. சாக்பீஸை இடித்துச் சாய்த்து, கீழ் வரிசையில் போய் முட்டி நின்றன.

"தொட்டியாடா?"

"இல்லக்கா."

"மறுக்கா வை."

வைத்தேன். மறுபடியும் வந்தன. வீடு கழுவினால் தண்ணீர் வெளியே போக வேண்டும் என்பதற்காக எல்லா வீட்டையும் போல எங்கள் தரையும் ஜலதாரைப் பக்கம் கொஞ்சம் சரிவு. கண்ணுக்குத் தெரியாத சரிவு.

அக்கா திரும்பி, "அண்ணே, யார்டு தர சரிவா கீதா?" என்று கேட்டாள்.

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "மழ பேஞ்சா தண்ணியெல்லாம் கால்வாப் பக்கமா தாம்மா ஓடும்," என்றார்.

"அப்ப எஞ்சினே வாணாம்," என்றாள் அக்கா. "அதுவா வந்துகீது. குனிஞ்சி கொக்கி கழட்டிகினு இருந்தவருக்கு எப்டித் தெரியும்?" சொல்லிவிட்டு, அடக்கத்தன்றுகூட அழாத அழுகையை அழுதாள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததைத்தான் கேட்டேன். "சரிவுன்னா பெட்டிங்க தினமும் ஓடுமேண்ணே? எப்டி நிக்குது?"

"சக்கரத்துக்குக் கட்ட வெப்போம்."

"யாரு?"

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். கரியால் யார்டை வரைந்த அன்று வேப்பமரத்தைக்கூட விடாமல் சொன்னவர் அந்தக் கட்டையை மட்டும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அன்னிக்கி மேல் கட்ட என்னுது," என்றார். "வெச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போனனா, வெக்காம போனனா, நெனவு வர்லம்மா. அன்னிலேந்து யோசிச்சிகினே கீறேன். எஞ்சினு தள்ளிச்சின்னு அவங்க எழுதினப்போ, அப்டியே இருக்கட்டும் சாமின்னு இருந்துட்டேன்."

எனக்கு அவரை அடிக்கக் கை எழுந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் முறத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்தாள். பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளி, முன் சக்கரத்தடியில் அதைச் செருகினாள். பெட்டிகள் நின்றன. விழுந்து கிடந்த சாக்பீஸை முந்தானையில் துடைத்து முடிந்துகொண்டாள்.

"சோறு ஆறுது, சாப்டுண்ணே," என்றாள்.

அவரால் முடியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

நான் அன்றே குழாயடிக்குப் போய்க் கத்தியிருப்பேன். அக்கா விடவில்லை. "வாய தொறக்காத. அந்த ஆளுக்குப் பொட்டப் புள்ளைங்க கீது, வேல பூடும். இவுளுங்க இன்னா சொன்னா இன்னா? எனக்குத் தெரிஞ்சிபோச்சி." மறு வாரம் மாமாவுக்குப் பூசை சொன்னாள், நன்மை வாங்கினாள். ஆனால் தெரு தன் பேச்சை விடவில்லை. ரயிலுக்குத் தலை கொடுத்தவன் பெண்டாட்டி என்றுதான் இன்றைக்கும் அவளைச் சொல்கிறார்கள். உங்களையும் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்ததாகப் பெரியவள் சொன்னாள். அத்தை ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது நின்றிருக்கும். பேசாமலே குடம் சுமந்தாள்.

கல்லறைத் திருநாளில் கல்லறை வாசலுக்கு வெளியே சில வருஷம் வியாசர்பாடிக்காரரைப் பார்த்திருக்கிறேன். கையில் மெழுகுவத்தி இருக்கும், உள்ளே வரமாட்டார். போன மாதம் அவர் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. பெண்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டதாம். அதனால்தான் உங்களிடமாவது சொல்லலாம் என்று அத்தை சம்மதித்தாள். நீங்களும் வெளியே சொல்ல வேண்டாம்.

இந்த ஞாயிறு அவளோடு கோயிலுக்குப் போனேன். பூசைக்கு மாமா பேரோடு இன்னொரு பேரும் சேர்த்து இரண்டு பெயர் சொன்னாள். இரண்டாவது பேரைக் கேட்டதும் சாமியார் நிமிர்ந்து, "இவர் நம்ம வேதம் இல்லபோல இருக்கே, உங்களுக்கு என்ன உறவு?" என்றார்.

"எங்க வூட்டுல சோத்த பாதியில வெச்சிட்டுப் போனவரு சாமி," என்றாள் அத்தை.