மலேயாக்காரியை வளர்த்தவர்

ஜெய்த்தூன் பீவி ஒரு கை தென்னைநார்த் தூளை அள்ளி இறுக்கிப் பிடித்தார். விரலிடுக்கில் தண்ணீர் வரவில்லை. கையை விரித்தார். தூள் பிடித்த வடிவத்திலேயே நின்றது. பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டியதும் உதிர்ந்தது. "புட்டு மாவுப் பதந்தான் தம்பி. சொட்டுச்சுன்னா அவளுக்குச் சளி புடிச்சுக்கிரும். காஞ்சுச்சுன்னா தோலு ஒழுங்கா உரியாது" என்று சொல்லிக்கொண்டே அதைப் பெட்டிக்குள் கவிழ்த்தார்.

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தள்ளுவண்டியில் காலையில் புட்டும் இடியாப்பமும் விற்கிறவர் அவர். ஐம்பத்து மூன்று வயது. கணவர் ஷரீப் இறந்து ஒன்பது வருடமாகிறது. வலது மணிக்கட்டில் பிறை போலச் சிறு தழும்புகள் வரிசையாக இருக்கும். கேட்கிறவர்களிடம் "புட்டு ஆவி அடிச்சுருச்சு" என்பார். அது பாம்பு கடித்த தழும்பு. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான் ஆறு வருடமாக அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியும்.

அவருடைய ஒரே மகன் சதாம் சென்னையில் செல்லப்பிராணிகள் விற்கும் கடையில் வேலை பார்த்தவன். அங்கே வாங்கிய ஒரு பாம்புக் குட்டியை முறையாகப் பதிவு செய்து ஊருக்குக் கொண்டுவந்தான். பிளட் பைத்தான் என்று பெயர். மலேசியக் காடுகளில் இருக்கிற மலைப்பாம்பு வகை. நீளம் ஐந்தடிதான்; ஆனால் நடு உடம்பு ஒரு ஆளின் தொடைக் கனம் இருக்கும். செங்கல்லைப் பொடித்துப் பூசியது போன்ற சிவப்பு. அவ்வளவு பெரிய உடம்புக்கு வால் மட்டும் விரல் நீளத்தில் சட்டென்று முடிந்துபோகும். சதாம் அதற்கு என்னவோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தான். அம்மா வாயில் அது நுழையவில்லை. 'மலேயாக்காரி' என்று கூப்பிட்டார்.

பிறகு சதாம் மலேசியாவுக்கே ஓட்டல் வேலைக்குப் போனான். ஆறு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பாம்பை விட்டுப் போனவன் மூன்று வருடமாக வரவில்லை. "அவ ஊருக்கு இவன் போயிட்டான். இவன் ஊர்ல அவ கெடக்கா" என்பார் ஜெய்த்தூன் பீவி. சிரிக்க மாட்டார்.

முதல் மாதத்திலேயே கடி வாங்கினார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை மேலிருந்து நீட்டியிருக்கிறார். "லாரி டயர்ல காத்து எறங்குன மாதிரி ஒரு சத்தம். கையப் பாக்கேன், அவ தொங்கிக்கிட்டிருக்கா." விஷமில்லை, ரத்தம் மட்டும் நிறையப் போனது. செவ்வாய்க்கிழமை சதாம் வீடியோவில் வந்தபோது கட்டுப்போட்ட கையைக் காட்டினார். அவன் கேட்டது: "அதுக்குப் பல்லு ஏதும் ஒடஞ்சிருச்சாம்மா?"

அதன்பின் அவனிடம் கேட்டு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கையை மேலிருந்து கொண்டுபோகக் கூடாது. பெட்டியைத் திறந்ததும் ஒரு வளைந்த கம்பியால் முதுகைத் தொட வேண்டும். இரை வரவில்லை, ஆள் வந்திருக்கிறார் என்று அதற்கு அப்போது புரியும். தலைமேல் ஒரு துண்டைப் போட்டால் சீறுவது நிற்கும். தூக்கும்போது கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் அடியில் தாங்க வேண்டும். தொங்கவிட்டால் பயந்து கடிக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு எலி. எலியைத் தேனியில் வளர்க்கிற ஒருவரிடமிருந்து வாங்கி, அதற்கென்றே வைத்திருந்த பழைய பிரிட்ஜில் உறையவைத்து, வெந்நீரில் போட்டு இளக்கிக் கொடுத்தார். தின்ற பிறகு நான்கு நாள் தொடக் கூடாது. கண் பால்நிறமானால் தோல் உரிக்கப் போகிறது. அப்போது பத்துப் பதினைந்து நாள் பெட்டிப் பக்கமே போகக் கூடாது. மற்ற நாளெல்லாம், அம்மாவும் மகனும் மண் என்று சொல்லும் அந்தத் தூளுக்குள் அது புதைந்து கிடக்கும். "கோவக்காரி இல்ல தம்பி, பயந்தவ" என்று இரண்டாம் வருடம் சொன்னார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் வண்டியில் கூட்டம் பாதியானது. பாம்பைத் தொட்ட கையால் மாவு பிசைகிறார் என்று பேச்சு. அவர் சோப்புப் போட்டு முழங்கை வரை மூன்று தடவை கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கைக்காரர்களிடம் அதைச் சொல்லி வாதாட அவர் போகவில்லை. வன இலாகாவில் சொல்லி எங்காவது ஒப்படைத்துவிடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"குடுத்துட்டு? எம்மவன் எதுக்குத் தம்பி எனக்குப் போன் பண்ணுவான்?"

அன்றுதான் சொன்னார். மலேசியாவுக்குப் போகும் முன் குச்சனூர்ப் பெண் சுபாஸ்ரீயைச் சதாம் விரும்பியிருக்கிறான். இவருக்கு அது பொறுக்கவில்லை. நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்தினார். "தெருவே கூடிருச்சு. ஒரு பொம்பளப் புள்ளயப் பத்தி என்னென்ன சொல்லக் கூடாதோ அம்புட்டும் சொன்னேன். அவுக அப்பா கையெடுத்துக் கும்புட்டாக. அப்பயும் நிறுத்தல நானு." ஒரு மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறெங்கோ கல்யாணம் முடிந்தது. சதாம் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டான். பாம்பைப் பற்றி மட்டும் பேசினான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு விடுமுறை. மாலை நான்கு மணிக்கு அழைப்பான். தின்றதா, தண்ணீர் மாற்றினீர்களா, சூடு எத்தனை. பத்து நிமிடம். பாம்பைக் காட்டி முடித்ததும் வைத்துவிடுவான்.

போன மார்கழியில் மூன்று நாள் விடாத மழை. தெருவின் டிரான்ஸ்பார்மர் எரிந்து ஐந்து நாள் மின்சாரம் இல்லை. பெட்டிக்கு அடியில் இருந்த சூட்டு விரிப்பு அணைந்துவிட்டது. அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு விறகடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினார். ஆறினதும் மாற்றினார். ஆறாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். பாம்பு தலையை மேலே தூக்கி வாயைத் திறந்தபடி இருந்தது. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம், வாயோரத்தில் நுரை.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் திலீபன் இளைஞர். "நான் ஆடு மாடு பாக்குறவன்மா. இதப் படத்துலதான் பாத்துருக்கேன்" என்று உள்ளதைச் சொன்னார். ஆனாலும் சென்னையில் யாரிடமோ விசாரித்து ஊசி மருந்து எழுதிக்கொடுத்தார். மூன்று நாளுக்கு ஒன்று. எங்கே குத்துவது என்றும் காட்டிக்கொடுத்தார். நான்கு ஊசியையும் ஜெய்த்தூன் பீவியே போட்டார். நான் துண்டால் தலையை மூடிப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஊசிக்குத் துண்டு தேவைப்படவில்லை.

முல்லையாற்றுக் கரையில் புதைத்தோம். திரும்பி நடக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, நீங்களும் அவன்கிட்டச் சொல்லிராதீக."

அடுத்த செவ்வாய், தோல் உரிக்கப் போகிறது என்றார். "தொடக்கூடாதுன்னு நீதானத்தா சொன்ன." அதற்கடுத்த செவ்வாய், நேற்றுத்தான் தின்றது, நான்கு நாள் ஆகட்டும். பிறகு, மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது, எதற்கு எழுப்ப வேண்டும்? அவன் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் அவருக்குப் பொய்யாகக் கைகொடுத்தது. வெறும் பெட்டிக்கு அதே பதத்தில் தூளை நனைத்தார், தண்ணீர் மாற்றினார், விரிப்பைச் சூடாக்கி வைத்தார். அவன் கேட்டால் போனைப் பெட்டி முன்னால் பிடித்து, "அந்தா, அங்கன மூலையில மண்ணுக்குள்ள கெடக்கா பாரு" என்பார். அப்போதெல்லாம் குரலைத் தணித்துக்கொள்வார், எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. சித்திரையில் ஒரு செவ்வாய், விடுப்பில் இருந்த நான் தண்ணீர் பிடிக்கக் கீழே நின்றிருந்தேன். போனில் சதாமின் குரல் கேட்டது.

"கொஞ்சம் கிட்டக்கக் காட்டுங்க. இன்னும் கிட்டக்க."

அவர் காட்டினார்.

"மண்ணு இம்புட்டுச் சமமா இருக்கேம்மா. அது கெடந்தா மேடு தட்டியிருக்குமே."

"காலையிலதான் பரப்புனேன்."

"ம்மா. எப்பச் செத்துச்சு?"

போன் பிடித்த கை இறங்கவில்லை. "மார்கழியில" என்றார்.

"நாலு மாசம். வாராவாரம் அது தின்னுச்சு, தூங்குதுன்னு எங்கிட்டச் சொல்லிருக்கீக."

"சொல்லிருந்தா நீ பேசிருப்பியாத்தா?"

திரையிலிருந்து அவன் முகம் மறைந்தது.

மூன்று மாதமாக அவன் அழைக்கவில்லை. இவர் அழைத்தால் மணி போகிறது, எடுப்பதில்லை. பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். வண்டிக்குப் பழைய ஆட்கள் சிலர் திரும்பி வருகிறார்கள். "இப்பத்தான் புத்தி வந்துருக்கு ஒனக்கு" என்றாராம் பக்கத்தில் பூ விற்கும் பஞ்சம்மாள். இவர் அவருக்கு ஒரு குழல் புட்டு கூடுதலாக வைத்துக் கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை நான் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தேன். மாடிப்படியில் காலடிச் சத்தம். ஜெய்த்தூன் பீவி இதுவரை மாடிக்கு வந்ததில்லை. கை முழுக்க மாவு.

"ஒங்க போனக் கொஞ்சம் குடுங்க தம்பி."

எண்ணை மனப்பாடமாக அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஹலோ?"

இடது உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஹலோ, யாருங்க?"

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டார்.

"ஹலோ... யாரு பேசுறது?"

சிவப்புப் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒட்டியிருந்த மாவை முந்தானையால் இரண்டு தடவை துடைத்து, போனை என்னிடம் நீட்டினார்.