ஐஸ் சறுக்கப் போன சனிக்கிழமை

இரவல் வாங்கிய சறுக்குச் சப்பாத்துக்கென்று ஒரு மணம் உண்டு. ஈரத்தோலும் பூச்சி உருண்டையும் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் கால் வியர்வையும் கலந்த அந்த மணம் இன்றும் எங்கேனும் மூக்கில் பட்டால், ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடியும், அங்கே ஒரு கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அம்மாவும் நானும் இரண்டு கிழமையாக இருந்து போட்ட திட்டமும் அப்படியே வந்து முன்னால் நிற்கும்.

நகரசபைக்கு முன்னால் இருக்கிற அந்த ஐஸ் தளத்தை ரொறன்ரோவில் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் வகுப்பில் அங்கே போகாத பிள்ளை நான் ஒருத்திதான் என்று அப்போது உறுதியாக நம்பியிருந்தேன், அம்மாவிடம் அதை அழுதும் சொன்னேன். எனக்குப் பத்து வயது. அப்பா உணவகமொன்றில் கோப்பை கழுவினார், விடுமுறை நாட்களில்தான் அவருக்கு வேலை கூட. அம்மா பிஸ்கட் பெட்டியடைக்கும் தொழிற்சாலையில் நின்றார். அந்த விடுமுறை முழுவதிலும் அவருக்கு ஓய்வென்று கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டிய அந்த நாளை எனக்குத் தந்தார்.

அம்மா ஒரு அலுவலைத் திட்டமிட்டால் கலியாண வீடு நடத்துகிற மாதிரித்தான். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எத்தனை மணிக்கு பஸ், எந்த நிலையத்தில் ரயில் மாறுவது, மரக்கறி "றோல்ஸ்" எத்தனை, எனக்கு எத்தனை சோடி காலுறை என்று எல்லாம் எழுதினோம். முதல் வரி, ஒன்பது மணிக்கு முன் வெளிக்கிடுவது. அதற்குக் கீழே இரண்டு கோடு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை மட்டும் இராகுகாலம். அதற்குள் வாசலைத் தாண்டாவிட்டால் பத்தரை வரை வீட்டில் குந்தியிருக்க வேண்டும், பிறகு சனம் கூடிவிடும், அப்பா வருவதற்குள் திரும்ப முடியாது, ஆகவே பயணமே இல்லை. "ராகுகாலத்திலை வெளிக்கிட்டு, ஐஸிலை விழுந்து காலை முறிச்சால் ஆரடி வேலைக்குப் போறது?" என்று அம்மா பகிடியாகத்தான் கேட்டார், ஆனால் அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று காலை எட்டரை மணிக்கு, இரண்டு மாடி மேலே இருந்த அன்ரியிடம் எங்கள் இருவருக்கும் சப்பாத்து இரவல் வாங்க அம்மா ஏறிப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல், அதற்குள்ளிருந்து மாமாவின் குரல். இலங்கையில் அப்போது இரவாகியிருக்கும். அம்மாவுக்கு இருந்த ஒரே அண்ணன் அவர். வன்னிக்குள்ளே ஃபோன் வசதியில்லாத ஊரொன்றில் இருந்தார். வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ ஆஸ்பத்திரி அலுவலாக வவுனியாவுக்கு வரும்போது, "கொமினிக்கேசன்" என்று சொல்கிற தொலைபேசிக் கடையிலிருந்து எங்களுக்கு ஒரு நிமிடம் எடுத்து வைப்பார். அதன் பிறகு அம்மா "ஃபோன் காட்" என்கிற தொலைபேசி அட்டையைச் சுரண்டி, அந்த நீண்ட இலக்கங்களை விரல் நோக அமத்தித் திருப்பி எடுப்பார். இலேசில் கிடைக்காது. கிடைத்தாலோ, காட் முடியும்வரை அண்ணனும் தங்கையும் கதைப்பார்கள், பாதி நேரம் அழுவார்கள்.

"பிள்ளை, அம்மா நிக்கிறாவே?"

"மேலை போட்டா, மாமா."

"சரி, நான் கடையிலைதான் நிக்கிறன். பூட்டுமட்டும் நிப்பன். விடியத் திரும்பிப் போயிடுவன். அம்மாவை உடனை எடுக்கச் சொல்லு, என்ன?"

அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு "ஓம், ஓம்" என்றுவிட்டு வைத்தேன்.

அம்மா இரண்டு சோடிச் சப்பாத்துகளையும் நாடாவில் முடிந்து தோளில் போட்டபடி வந்தார். "ஃபோன் அடிச்ச சத்தம் கேட்டது, ஆர்?" என்றார்.

"றோங் நம்பர்" என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். யோசித்தேன். மாமா அடுத்த முறையும் எடுப்பார், அம்மாவுக்கு இன்னொரு சனிக்கிழமை கிடைக்காது என்று நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க வாசலைத் தாண்டினோம்.

அந்த நாளைப் பற்றி என்னிடம் என்ன கேட்டாலும் சொல்லுவேன். தளத்துக்கு மேலே வளைந்து நின்ற வளைவுகளில் பகலிலேயே விளக்கு எரிந்ததையும், மூன்று சோடி காலுறை போட்டும் சப்பாத்து எனக்குத் தொளதொளத்ததையும், குளிரில் விறைத்த "றோல்ஸை" கையுறையோடு பிடித்துத் தின்றதையும் சொல்லுவேன். கரைக் கம்பியை விட மாட்டேன் என்று நின்ற அம்மா, ஒரு சின்னப் பெடியன் இடித்ததில் பொத்தென்று ஐஸில் இருந்துவிட்டு, எழும்ப மனமில்லாமல் வாயைத் திறந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என் அம்மாவுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு நான் அதைக் காணவில்லை.

ஆறு கிழமை கழித்து மாமாவின் கடிதம் வந்தது. அம்மா குசினி மேசையில் வைத்து உரத்து வாசித்தார். கிறிஸ்மஸோடு வந்த சனிக்கிழமை வவுனியாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன் தங்கச்சி, மணி அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போயிருப்பாய், போய்வரத்தானே வேணும் என்று எழுதியிருந்தார். என்னோடு கதைத்தவர், கடை பூட்டும்வரை காத்திருந்தவர், என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று ஒரு பொய்யை எழுதி அவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறார் என்பது அந்த வயதிலும் விளங்கியது. அம்மா கடிதத்தை மடித்துவிட்டு, "அண்ணை அங்கை ஃபோனோடை நிண்டிருக்கிறார், நான் இஞ்சை ஐஸிலை இருந்து இளிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

சில மாதங்களில் யுத்தம் திரும்பவும் தொடங்கி, வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள். இன்னொரு கடிதம் வந்தது, அதோடு சரி. யுத்தம் முடிந்த பிறகு முகாம் பட்டியல்கள், ஆஸ்பத்திரிப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் தேடினோம். மாமாவின் பெயர் ஒன்றிலும் இல்லை.

அந்த முதல் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மா சந்தோசத்துக்கென்று வீட்டை விட்டு வெளிக்கிட்டதில்லை. வேலைக்குப் போனார், கோயிலுக்குப் போனார். நயாகராவுக்கோ கடற்கரைக்கோ யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "நீங்கள் போட்டு வாங்கோ, நான் ஃபோனடியிலை நிக்கிறன்."

இப்போது அம்மா என்னோடு, ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் இருக்கிறார். ஃபோன் காட்டும் இல்லை, காட் விற்ற கடைகளும் இல்லை, வவுனியாவில் அந்தக் "கொமினிக்கேசன்" இருந்த இடத்தில் என்ன இருக்கிறதோ தெரியாது. சட்டைப்பையிலிருந்தே யாரோடும் முகம் பார்த்துக் கதைக்கலாம். எங்கள் வீட்டு ஃபோனுக்கு, காற்றுக்குழாய் துப்புரவாக்க வேண்டுமா என்று கேட்கிற விற்பனைக்காரரைத் தவிர ஒருவரும் எடுப்பதில்லை. ஆனாலும் அதை வெட்ட அம்மா விடவில்லை. இந்த விடுமுறைக்கு என் ஐந்து வயது மகளை அதே ஐஸ் தளத்துக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, நீங்களும் வாங்கோ அம்மா என்றேன். அதே பதில் வந்தது. அன்று என்னால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடிப்பார், குறைந்தது எழும்பிப் போய்விடுவார் என்று காத்திருந்தேன். அம்மா தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"அப்ப நீ அண்ணையோடை கதைச்சனியோ?"

"ஓம்."

"வேறை என்ன சொன்னவர்?"

வேறு ஏதோ சொன்னார். அதைத்தான் நான் கேட்கவில்லை. எத்தனை றோல்ஸ் கட்டிக்கொண்டு போனோம் என்று தெரிகிறது, பஸ்ஸில் எந்த இருக்கையில் இருந்தோம் என்று தெரிகிறது, மாமா தங்கைக்குச் சொல்லச் சொன்னது ஒரு சொல்கூட நினைவில் இல்லை. அம்மா நம்பவில்லை. அன்றிலிருந்து தினமும் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "யோசிச்சுப் பாத்தனியே?" என்று மெதுவாகக் கேட்கிறார். கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை என்றிருக்கிறது.

புதன்கிழமை, "சனிக்கிழமை நானும் வாறன்" என்றார். "அந்த ஐஸடியிலை போய் நிண்டால் உனக்கு ஞாபகம் வரும்."

இன்று சனிக்கிழமை. எட்டரை மணிக்கே கோட்டைப் போட்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, அம்மா வாசலில் ஆயத்தமாக நிற்கிறார். மகள் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். "கெதியா வாங்கோ, ஒன்பது மணியாகப்போகுது" என்கிறார் அம்மா. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு இன்னும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.