நாலு தாளில் வந்த மாப்பிள்ளை

எனக்குப் பார்த்த முதல் மாப்பிள்ளை நாலு தாளில் வந்தார். தாள் நிறைய இடைவெளியே இல்லாமல் ஆங்கில எழுத்துகளும் எண்களும். நடுநடுவே கூட்டல் குறி, சாய்கோடு. பெரியப்பா அவற்றைச் சர்ச் பாட்டுப் புத்தகத்துக்குள் மடங்காமல் வைத்து, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வரை பஸ்ஸில் மடியில் ஏந்தி வந்திருந்தார்.

"இந்தாத்தா, மாப்ள போட்டோ."

தொண்ணூறுகளின் கடைசி அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே விசைத்தறிக் கூடம். தறி ஓடினால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கரண்ட் போனால் தறி நிற்கும், கூடவே கம்ப்யூட்டரும் நிற்கும். ஆகவே நான் அமைதியாகப் பாடம் நடத்திய நாளே கிடையாது.

மாப்பிள்ளை துபாயில் இருந்தார். போட்டோவை ஸ்கேன் செய்து மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரின் ஈமெயிலுக்கு அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் திறந்தபோது படத்துக்குப் பதிலாக எழுத்தாகக் கொட்டியிருக்கிறது. மனிதர் ரொம்பப் பொறுப்பானவர். வந்ததை வந்தபடியே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மெயிலை அழித்தும் விட்டார்.

"இன்னொரு தடவ அனுப்பச் சொல்லலாம்ல பெரியப்பா?"

"ஒரு போட்டோவத் தெறக்கத் தெரியாத குடும்பமான்னு அவுக நெனைக்க மாட்டாகளா? நீ கம்ப்யூட்டர் டீச்சரு வேற!"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு நான் சரி என்று சொன்னால் கல்யாணம், விசா, துபாய், சென்டருக்குப் பெரிய கும்பிடு. முகம் பார்க்காமல் சரி சொல்ல எனக்கு மனசில்லை. முகம் பார்க்காமல் வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் விட மாட்டார்கள். உள்ளுக்குள் எனக்கு ஆசையும் இருந்தது, அதை ஒளிப்பானேன்.

தாளில் இருந்தது என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்து மெயிலுக்கு எழுத்துதான் ஒத்துக்கொள்ளும், படம் ஒத்துக்கொள்ளாது. அதனால் படத்தை அறுபத்துநான்கு எழுத்துகளுக்குள் அடக்கி எழுத்தாக மாற்றி அனுப்புவார்கள். இந்தப் பக்கம் ஒரு புரோகிராம் நாலு எழுத்தை வாங்கிக்கொண்டு மூணு பைட்டாகத் திருப்பித் தர வேண்டும், ரேஷன் கடையில் நிறுத்துத் தருகிற மாதிரி. அந்த புரோகிராமை நானே சி மொழியில் எழுதினேன். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டுமே?

எதிர்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை நடத்திய அக்காவைக் கூப்பிட்டேன். தாளைத்தான் பார்ப்பார், விரல்களைப் பார்க்கவே மாட்டார். அப்படி ஒரு கை.

"இது எந்த ஊரு பாஷைத்தா?"

"மாப்ளக்கா."

"அப்பச் சரி, தப்பில்லாம அடிச்சுப்புடுவோம்."

அடித்து முடித்தார். புரோகிராமை ஓட்டினேன். இது படமே இல்லை என்று கம்ப்யூட்டர் முகத்தில் அடித்த மாதிரி சொன்னது. முழுதாக ஒரு நாள் என் புரோகிராமையே திட்டிக்கொண்டிருந்தேன். வேறு ஒரு சின்னப் படத்தை எழுத்தாக்கி மறுபடி படமாக்கிப் பார்த்தால் ஒழுங்காக வந்தது. அப்படியானால் கோளாறு எழுத்தில்தான். எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். எல்லாம் வந்திருந்தன, ஒன்று என்ற எண்ணைத் தவிர. நாலு தாளுக்கு ஒரு இடத்தில்கூட ஒன்று இல்லை!

இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடிப்போய் டைப்ரைட்டரைப் பார்த்தேன். அந்த மிஷினில் ஒன்றுக்குப் பொத்தானே கிடையாது. இரண்டிலிருந்துதான் ஆரம்பம். ஒன்று வேண்டுமென்றால் ஆங்கிலச் சின்ன 'எல்' அடிக்க வேண்டும், மிஷினில் அடித்த தாளில் இரண்டும் ஒரே மாதிரி நிற்கும். அந்த மிஷினிலேயே பழகிய விரல், கம்ப்யூட்டரிலும் ஒன்று வந்த இடத்தில் எல்லாம் 'எல்' அடித்திருக்கிறது.

"ஒண்ணுக்கு அதத்தான அடிப்பாக? ஊரே அப்படித்தான் அடிக்குது," என்றார் அக்கா. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

உண்மையான 'எல்'லும் இருந்ததால் மொத்தமாக மாற்றவும் வழியில்லை. நல்லவேளை, பெரியப்பா கொண்டுவந்த அச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது; அந்தத் தாளில் ஸ்கேலை வைத்து வரி வரியாகத் திருத்த வேண்டியதாயிற்று. சனிக்கிழமை பெரியப்பா, அம்மா, அக்கா மூவரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். நான் சில வரிகளைத் திருத்தி ஓட்டுவேன். படம் மேலிருந்து கொஞ்சம் இறங்கி, மிச்சம் சாம்பலாக நிற்கும்.

முதலில் தலைமுடி வந்தது. "முடி இருக்கு," என்று பெரியப்பா மூச்சு விட்டார்.

நெற்றி வந்தது. "அகலமான நெத்தி, அறிவாளி," என்றாள் அம்மா.

கண் வந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. மீசை வந்ததும் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் அடிச்ச மீசைத்தா," என்று என் தோளைக் குத்தினார்.

தாடை வந்ததும் பெரியப்பா கிளம்பத் தயாரானார். "மூஞ்சி வந்துருச்சுல்ல, அம்புட்டுத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரித்தா."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நிஜமாகவே பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்ன புடவை என்றுகூட யோசித்துவிட்டேன். ஆனால் அரைகுறையாக நிற்கிற புரோகிராமைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், மாணவர்களை அதற்காகவே நிறுத்தி வைத்துத் திட்டுவேன். "இருங்க பெரியப்பா," என்று மிச்ச வரிகளையும் திருத்தினேன். காலர் வந்தது, சட்டைப் பை வந்தது. கடைசி வரியில், வலது பக்கக் கீழ் மூலையில், ஆரஞ்சு நிறத்தில் என்னமோ தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். வெளிநாட்டு கேமராக்கள் போட்டோவிலேயே வருஷத்தைக் குத்திவிடும் அல்லவா, அந்த முத்திரை. எண்பத்தெட்டு.

எண்பத்தெட்டில் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை என்னைவிட மூணு வயசுதான் மூப்பு என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

"பத்தாவது படிக்கிற பையனுக்கு இம்புட்டு மீசையா பெரியப்பா?"

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நீ அடிச்சதுலதான் ஏதோ தப்பு நடந்துருக்கு."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணத் தவிர எதையும் நான் தப்பா அடிக்கலண்ணே. எண்பத்தெட்டுல எங்க இருக்கு ஒண்ணு?"

மறுநாள் வந்தவர்களுக்கு மிக்சர் தட்டை நானே கொண்டுபோனேன். பக்கத்தில் போட்டோவையும் அச்சடித்து வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக எடுத்துப் பார்த்தார். பார்வை மூலைக்குப் போனதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்க வாரோம்," என்றார்.

திங்கட்கிழமை காலை நான் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தேன்.